மூன்றாவது கட்டம்

இராஜபாளையம்
11.6.2025

அன்புள்ள ஹமீது அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் நலம். நீங்களும் மாஜிதா மதினியும் நலம்தானே? பக்ரீத்துக்கு மதினி கொடுத்துவிட்ட பிரியாணியை நானும் கம்பெனித் தோழி பாண்டிசெல்வியும் இரண்டு வேளை வைத்துச் சாப்பிட்டோம். நீங்கள்தான் வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன வெளிநாடா, பக்கத்து ஊர் அண்ணனுக்குத் தபால் போடுகிறாளே என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் 'ம்' என்று சொன்னால், அந்த 'ம்'முக்கு நான் மூன்று நாள் அர்த்தம் தேடுகிறேன். அதனால் முக்கியமானதை எழுதிக் கேளுங்கள் என்று இந்து மேடம் சொல்லிவிட்டார்.

இந்து மேடம் மனநல ஆலோசகர். இரண்டு மாதமாகப் புதன்கிழமை தோறும் அவரிடம் போய் வருகிறேன். பதறாதீர்கள், எனக்குப் பைத்தியமெல்லாம் இல்லை. முதல் புருஷன் வேண்டாம் என்று குலா வாங்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து, யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். நெஞ்சு படபடக்கும், சோறு இறங்காது. ஏழு வருஷம் அப்படியே ஓட்டிவிட்டேன்.

என் வேலையைக் கேட்டதும் மேடம் சிரித்துவிட்டார். எட்டு மணி நேரம் வெளிச்ச மேஜையில் பேண்டேஜ் துணியை விரித்துக் கறை தேடுகிறவள் நான். "நல்ல துணி உங்க கண்ணுல படாது, கறை மட்டும்தான் படும். வேலைக்கு அது சரி. அந்தக் கண்ணோடயே வீட்டுக்கும் போனா எப்படி?" என்றார். பிறகு ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னார். கண்டது. நினைத்தது. கேட்டுத் தெரிந்தது. மூன்றாவது கட்டத்தை நானாக நிரப்பக் கூடாது. சம்பந்தப்பட்டவரிடமே கேட்க வேண்டும்.

என் நோட்டின் முதல் வரியைக் கேளுங்கள். கண்டது: மெஷின் பிட்டர் ஹபீப் ரகுமான் தினமும் என் முக்காட்டை உற்றுப் பார்க்கிறார். நினைத்தது: புருஷனை விட்டு வந்தவளுக்கு முக்காடு ஒரு கேடா என்று நினைக்கிறார். நேரே அவரிடமே போய்க் கேட்டேன். "பஞ்சு ஒட்டியிருக்கு. சொன்னா தப்பா நெனப்பீகளோன்னு ஆறு மாசமாச் சொல்லல" என்றார்.

ஆறு மாதம் பஞ்சைப் பார்த்தவர் ஏழாவது மாதம் பெண் கேட்கிறார், அண்ணா. மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. நல்ல மனிதர். எனக்குச் சம்மதம். ஜூன் 29 ஞாயிறு அவர் வீட்டார் பேச வருகிறார்கள். அத்தாவும் அம்மாவும் இல்லாத வீட்டில் நீங்கள்தான் முன்னால் உட்கார வேண்டும்.

பதிலை எழுத்தில் எதிர்பார்க்கும்,
தங்கை ரமீஜா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
19.6.2025

அன்புத் தங்கை ரமீஜாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம். உன் மதினிக்கு மட்டும் சளி. அதையும் என்னைத் திட்டியே தீர்த்துக்கொள்கிறாள்.

கடிதம் எழுதி எத்தனை வருஷமாயிற்று! தபால்காரர் கடைக்குள் வந்து, "பாய், கோர்ட்டு நோட்டீஸோ?" என்று கேட்டார். மாப்பிள்ளைச் செய்தியை வாசித்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பஞ்சுக்காரர் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் இந்த ஆலோசகர் விஷயம்தான் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. என் கண்ணாடிக் கடைக்கு ஐயாதுரை சார் என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வருகிறார். புதுக் கண்ணாடியில் எழுத்து கலங்குகிறது என்று மூன்று தடவை திருப்பிக் கொண்டுவந்தார். மூன்றாவது தடவை உள்ளே எடுத்துப் போய், துணியால் துடைத்து, "பவர் மாத்தியாச்சு சார்" என்று அதையே கொடுத்தேன். "இப்பதாம்யா கண்ணே தெரியுது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மனசு என்பது அம்புட்டுத்தான் தங்கச்சி. அதற்கு நோட்டு எதற்கு, கட்டம் எதற்கு? துடைத்துப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே.

29ஆம் தேதிக்கு வந்துவிடத்தான் ஆசை. முழங்கால் கொஞ்சம் பாடாய்ப் படுத்துகிறது. எதற்கும் மதினியையும் நம் மாமுவையும் முன்கூட்டியே தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் நலத்துக்கு துஆ செய்யும்,
அண்ணன் ஹமீது

*

இராஜபாளையம்
1.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். முழங்கால் எப்படி இருக்கிறது? மதினியின் சளி இங்கே வந்தபோது போயிருந்தது.

பேச்சு நல்லபடியாக முடிந்தது. ஹபீப் அத்தனை பேர் நடுவிலும் வாயைத் திறக்கவில்லை. நம் வீட்டு மின்விசிறி கடகடத்ததும் எழுந்து ஸ்டூலைப் போட்டு ஏறி அதைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மாமு என் காதில், "பேசாத மாப்பிள்ளை, ஓடுற ஃபேன். வேற என்ன வேணும் ஒனக்கு?" என்றார்.

நிக்காஹ் அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, நம் தெருப் பள்ளிவாசலில். "என் தங்கையைக் கொடுத்தேன்" என்று சபையில் சொல்ல வேண்டியது நீங்கள். உங்களுக்காகப் போட்ட நாற்காலியில் கடைசிவரை யாரையும் நான் உட்காரவிடவில்லை. மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் முழங்காலைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

மகிழ்ச்சியோடு,
ரமீஜா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
24.7.2025

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை நடக்கிறது. எழுத்து தெரியவில்லை என்று பொய் சொல்லிக் கண்ணாடி கேட்கிற பிள்ளைகளே பாதி. உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரை எதுவும் கொடுக்கிறார்களா?

எனக்கு ஒரு யோசனை. நிக்காஹை இங்கே, நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன? மாடியில் பந்தல் போடலாம். மாப்பிள்ளை பக்கம் ஒரு பத்துப் பேர் வந்தால் போதும். மதினி நெய்ச்சோறு ஆக்கிவிடுவாள். உனக்கும் அலைச்சல் இல்லை. நன்றாக யோசித்து எழுது.

அன்புடன்,
ஹமீது

*

இராஜபாளையம்
31.7.2025

அண்ணனுக்கு,

ஸலாம். நான் நலம்.

மாடியில், பத்துப் பேரோடு. வாசித்ததும் சோறு இறங்கவில்லை. நான் எவருக்கும் தெரியாமல் கட்டிக்கொள்ள வேண்டியவளா? இதை நோட்டில் எழுதினேன். புதன்கிழமை மேடம் பார்த்துவிட்டு, "மூணாவது கட்டம் காலியா இருக்கே, இத யாருகிட்ட கேக்கணும்?" என்றார். உங்களிடம்தான் கேட்க வேண்டும். அந்த வரியை அப்படியே எழுதுகிறேன்.

கண்டது: நாம் இரண்டு பேரும் பிறந்த வீட்டுப் படியை அண்ணன் ஒன்றரை வருஷமாக மிதிக்கவில்லை. நாலு பெருநாள் போயிற்று. பெண் பேசவும் வரவில்லை. இப்போது நிக்காஹையும் இந்த ஊரில் வேண்டாம் என்கிறார்.

நினைத்தது: குலா வாங்கிய தங்கச்சி, நாற்பதை நெருங்கும்போது மறுபடியும் கல்யாணம் கேட்கிறாள். அண்ணனுக்கு நான் அவமானம்.

கேட்டுத் தெரிந்தது:

காலியாகவே விட்டிருக்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை, அண்ணா. இது தெரியாமல் நிக்காஹ் மேடையில் என்னால் சந்தோஷமாக உட்கார முடியாது.

ரமீஜா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
26.8.2025

அன்புள்ள ரமீஜாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம்தானே?

அல்லாஹ் அறிய, அவமானம் என்கிற நினைப்பு என் மனசில் ஒருநாளும் இருந்ததில்லை. இனி அந்த வார்த்தையை எழுதாதே. நிக்காஹ் நீ சொன்னபடி இராஜபாளையத்திலேயே நடக்கட்டும்.

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு வர முடியாமல் போனால், என் சார்பில் மாமு வக்கீலாக இருந்து உன்னைக் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இமாமிடம் கேட்டுவிட்டேன், மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டாம். மற்றபடி கடை, முழங்கால் எல்லாம் அப்படியே.

ஹமீது

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
30.8.2025

அன்பு ரமீஜா,

ஸலாம். நல்லா இருக்கிறாயா? சாப்பிடுகிறாயா? இப்போது நீ சாப்பிட்டிருக்கமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன்னிடம் வாயைத் திறக்கமாட்டேன் என்று உன் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அவிய அதைக் கேட்க மறந்துட்டாவ.

போன வருஷம் பிப்ரவரியில் உன் வீட்டுக்கு வந்துவிட்டு பைக்கில் திரும்பும்போது, மம்சாபுரம் விலக்குப் பக்கம் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி உரசிக்கொண்டு போனது. வண்டி சறுக்கி ரோட்டில் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பாத்ரூமில் வழுக்கியது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். அதிலிருந்து பஸ் ஊர் எல்லையைத் தாண்டினால் போதும், வேர்த்துக் கொட்டுகிறது, நெஞ்சு அடைக்கிறது, இப்போதே மௌத் ஆகிவிடுவேன் என்கிறார். மூன்று தடவை ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று. இருதயத்தில் ஒரு குறையும் இல்லை, ஆலோசகரைப் போய்ப் பாருங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். "நான் என்ன பைத்தியமா?" என்று அந்தச் சீட்டைக் கல்லாவுக்கு அடியில் போட்டுவிட்டார்.

உனக்குப் பெண் பேசிய அன்று காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு, எங்களுக்கு முன்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து முழங்கால் வலிக்கிறது என்றார். எந்த முழங்கால் என்று கேட்டேன். "ரெண்டும்" என்றார்.

அந்த வக்கீல் தாளை எழுதும்போது அழுதார் ரமீஜா. பதினெட்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். இதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போதாவது ஒரு வாய் சாப்பிடு.
மாஜிதா மதினி

*

இராஜபாளையம்
3.9.2025

என் அருமை அண்ணனுக்கு,

ஸலாம். இரண்டு முழங்காலும் நலமா?

மதினியைத் திட்டாதீர்கள். கடிதத்தைக் கம்பெனியில் வைத்துப் பிரித்தேன். முதலில் அழுதேன், பிறகு 'ரெண்டும்' என்ற இடத்தில் சத்தம்போட்டுச் சிரித்தேன். பாண்டிசெல்வி பயந்துபோய், "ஏட்டி, மேடத்தக் கூப்பிடவா, ஹபீபக் கூப்பிடவா?" என்றாள்.

ஒரு லாரி என்று சொல்லியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும் அண்ணா. அண்ணனுக்கு என் முகம் பிடிக்கவில்லை, என் தெரு பிடிக்கவில்லை என்று ஒன்றரை வருஷம் நானாகவே ஒரு அண்ணனைச் செய்து வைத்துக்கொண்டு, அந்த அண்ணனோடு சண்டை போட்டிருக்கிறேன். அவர் வேறு யாரோ. நீங்கள் பஸ் ஸ்டாண்டில் வெள்ளைச் சட்டையோடு நின்றிருக்கிறீர்கள்.

ஆனாலும் மூன்றாவது கட்டம் இன்னும் காலிதான். மதினி சொன்னது கணக்கில் வராது, நீங்களே சொல்ல வேண்டும். இந்து மேடத்திடம் கேட்டேன். ஆளைப் பார்க்காமல் எதுவும் சொல்லக்கூடாதாம். எந்தப் புதன்கிழமையும் வரலாம் என்றார்.

உங்கள் வார்த்தைக்காகக் காத்திருக்கும்,
ரமீஜா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
27.9.2025

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் மதினியோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே மீன் குழம்பு வைத்துச் சமாதானத்துக்கு வந்தாள்.

நீ கேட்டதற்கு நானே எழுதுகிறேன். குலா வாங்கி வந்த அன்று நீ நடுங்கிக்கொண்டு நின்றாய். "பயப்படாதட்டி, நான் இருக்கேம்லா" என்று சொன்னது நான். அப்படிச் சொன்னவனுக்கு டவுன் பஸ்ஸில் ஏறப் பயம் என்று எப்படி எழுதுவேன்? எனக்கு உன்னால் வெட்கம் இல்லை. என்னால்தான் எனக்கு வெட்கம். இதை உன் கட்டத்தில் எழுதிக்கொள்.

உன் மேடம் இருப்பது இராஜபாளையத்தில். அங்கே என்னால் வர முடிந்தால் எனக்கு மேடமே தேவையில்லையே! இதைப் போனில் அவரிடமே சொன்னேன். செத்த நேரம் சிரித்துவிட்டு, வீடியோவில் வரச் சொன்னார். மூன்று புதன் பேசியாயிற்று. ஐயாதுரை சார் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்ததைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். "நீங்க மூணு ஈ.சி.ஜி. எடுத்தீங்களே, அதுல எது உங்களுக்குத் தெளிவாத் தெரிஞ்சது?" என்று கேட்டார். ஐயாதுரை சாருக்காவது மூன்றாவது தடவை கண் தெரிந்தது.

முதல் வாரம் நிற்கிற பஸ்ஸில் ஏறி உட்காரச் சொன்னார். "நெஞ்சு அடிக்கும். அடிக்கட்டும். பயத்துல எறங்கிறாதீங்க, அது தானா அடங்குறதப் பாத்துட்டு எறங்குங்க." உட்கார்ந்தேன். வேர்வையில் சட்டை நனைந்தது. மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தொன்பதாவது நிமிஷம் நெஞ்சு அடங்கியது தங்கச்சி, நான் எதுவும் செய்யாமல் அதுவாகவே அடங்கியது. நாலு நாள் இதையே செய்தேன். கண்டக்டர் நவநீதகிருஷ்ணன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்ன பாய், தெனமும் வந்து பாக்கீக. பஸ்ஸ வெலைக்கு வாங்கப் போறீகளா?" என்றார்.

இரண்டாவது வாரம் முதல் நிறுத்தம் வரை போனேன். நேற்று மம்சாபுரம் விலக்குக்கு முந்திய நிறுத்தம். அதற்கு மேல் கால் வரவில்லை. இறங்கிவிட்டேன். பதினைந்து நாள்தான் இருக்கிறது. வருவேன் என்று சத்தியம் பண்ண எனக்குத் தைரியம் இல்லை. வக்கீல் தாளைப் பத்திரமாக வை.

உண்மையுள்ள,
அண்ணன் ஹமீது

*

இராஜபாளையம்
4.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். இரண்டு பேரும் நலம்தானே? இங்கே வெயில் குறைந்துவிட்டது. மருதாணி அரைக்க இலை பறித்தாயிற்று.

நீங்கள் எழுதியதை அப்படியே மூன்றாவது கட்டத்தில் எழுதிவிட்டேன். அந்தப் பக்கத்தில் அதற்குமேல் இடமில்லை.

ஹபீபிடம் எல்லாம் சொன்னேன். "கார் கொண்டுபோய்க் கூட்டிட்டு வரட்டுமா? இல்ல, அவிய கண்ண மூடிக்கிட்டு வந்தாக்கூடப் போதும்" என்றார். கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததிலிருந்து அவர் பேசிய நீளமான பேச்சு இதுதான். கார் வேண்டாம், அண்ணன் எப்படி நினைக்கிறாரோ அப்படி வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தாள் பீரோவில் இருக்கிறது. அன்றைக்கு உங்களால் வர முடியாவிட்டால் மாமு என்னைக் கொடுக்கட்டும். அந்த நாற்காலி காலியாக இருந்தாலும் நான் சாப்பிடுவேன், சிரிப்பேன். காலியான நாற்காலியைப் பார்த்து இனி நான் கதை கட்டமாட்டேன். இதை மனசாரத்தான் எழுதுகிறேன், உங்களை இழுப்பதற்காக இல்லை. ஆனால் நீங்கள் வந்தால் எனக்கு எம்புட்டுச் சந்தோஷமாக இருக்கும் என்பதை மறைக்கவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நாள் முன்னால், சனிக்கிழமை, கம்பெனிக்கு லீவு சொல்லியிருக்கிறேன். வீட்டில்தான் இருப்பேன்.

என்றும் உங்கள்,
ரமீஜா

*

டவுன் பஸ்
11.10.2025, சனிக்கிழமை காலை

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் நலத்தை இன்னும் கொஞ்ச நேரத்தில் நானே கேட்டுக்கொள்கிறேன். பஸ் ஓடுவதால் எழுத்து ஆடுகிறது. நாளை வருவதாகத்தான் இருந்தது. நாளை வரை விட்டால் மனசு வேறு எதையாவது சொல்லும் என்று இன்றைக்கே ஏறிவிட்டேன். உன் மதினி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிஷத்துக்கு ஒரு மிட்டாயை என் வாயில் போடுகிறாள்.

விலக்கு வரப்போகிறது. நெஞ்சு அடிக்கிறது. எழுதிக்கொண்டே இருக்கச் சொல்கிறாள் உன் மதினி. ஏதாவது எழுதுகிறேன். ஹமீது, கண்ணாடிக் கடை, ஸ்ரீவில்லிபுத்தூர். ஹமீது, கண்ணாடிக் கடை, ஸ்ரீவில்லிபுத்தூர்.

தாண்டியாயிற்று! நான் விழுந்த இடத்தில் ஒரு அம்மா கொய்யாப்பழம் விற்கிறாள். ஒன்றரை வருஷத்துக்கு மேலாக என் மனசில் அந்த இடம் ஒரு பாலைவனம் மாதிரிக் கிடந்தது. பஸ் கடக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நவநீதகிருஷ்ணன் என்னைப் பார்த்து, "பாய், எறங்குற எடம் போயிருச்சே!" என்று கத்தினார். "இன்னைக்குக் கடைசி ஸ்டாப்பு" என்றேன். மனுஷன் விசில் ஊத மறந்து நின்றார்.

இப்போது நம் தெருவில் நின்று மிச்சத்தை எழுதுகிறேன். வாசல் நிலையில் அத்தா அடித்த பச்சைப் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. உள்ளே யாரோ மருதாணி அரைக்கிற சத்தம் கேட்கிறது. கொஞ்சம் தண்ணீர் எடுத்துவை, தொண்டை வறண்டுவிட்டது. பீரோவில் இருக்கிற தாளைக் கிழித்துவிடு. நாளைக்கு உன்னை நான்தான் கொடுப்பேன்.

இதை மடித்துக் கதவுக்கு அடியில் தள்ளப்போகிறேன். கவரில் தபால்தலை இருக்காது. அதைப் பார்த்துவிட்டு நீயாக எதுவும் நினைத்துக்கொள்ளாதே. கதவைத் திறந்து என்னிடமே கேள்.

வாசலில் நிற்கும்,
உன் அண்ணன் ஹமீது